எதையும் சேர்க்காத ஒயின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், சாற்றை நொதிக்க வைக்கும் பொட்டல ஈஸ்டும் அமிலமும் இடாமல், கந்தகத்தையும் இயன்றவரை குறைத்து ஒயின் தயாரிக்கும் சிறு பண்ணைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பல ஒரே ஐயத்தையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயரை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

டர்பன் வாசகர் ஒருவர்: விடுமுறையில் கேப் டவுன் சென்றிருந்தபோது, ‘இயற்கை ஒயின்’ என்று எழுதிய புட்டிகள் மற்றவற்றைவிடக் கணிசமான விலையில் இருப்பதைப் பார்த்தேன். எதையும் சேர்க்காததுதான் அதன் சிறப்பு என்று கடைக்காரர் விளக்கினார். ஒன்றும் சேர்க்காமல் இருப்பதற்கு எதற்குக் கூடுதல் பணம்? இதற்குச் சட்டப்படி வரையறை ஏதும் உண்டா?

பதில்: வழக்கமாக என்னென்ன சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான், சேர்க்காமல் விடுவதற்கு ஆகும் செலவு புரியும். பெரிய ஒயின் கூடங்களில் திராட்சை வந்து இறங்கியதுமே கந்தக டை ஆக்சைடு இட்டு, பழத்தோடு வந்த காட்டு ஈஸ்டை அடக்கிவிடுவார்கள். பிறகு பொட்டலத்தில் வரும் உலர் ஈஸ்ட், அந்த ஈஸ்டுக்கு ஊட்டமாக நைட்ரஜன் உப்பு, சாறு விரைவில் தெளிவதற்கான நொதிகள், புளிப்புக் குறைந்தால் டார்டாரிக் அமிலம், துவர்ப்புக் குறைந்தால் டானின் என்று ஒவ்வொன்றாகச் சேரும். கடைசியில் தெளிய வைத்து, நுண்ணிய வடிகட்டியில் இறக்கி, மறுபடியும் கந்தகம் சேர்த்துப் புட்டியில் அடைப்பார்கள். இவை எல்லாம் சட்டம் அனுமதித்தவைதாம். அளவோடு இட்டால் உடலுக்குக் கேடு என்று சொல்வதற்கில்லை. பல்லாயிரம் லிட்டர் சரக்கு ஒரே சுவையில், குறித்த தேதியில், கெடாமல் கடைக்குப் போய்ச் சேரும் என்ற உறுதியை அவை தயாரிப்பாளருக்குத் தருகின்றன.

நம் நாட்டில் இவற்றுள் முதன்மையானது அமிலம். ஸ்வார்ட்லண்ட் போன்ற வெப்பமான மாவட்டங்களில் பிப்ரவரி வெயிலில் பழத்தின் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறும். அதே வேகத்தில் புளிப்பு இறங்கும். மூட்டையிலிருந்து அமிலத்தை எடுத்து இடுபவருக்கு இது ஒரு சிக்கலே இல்லை. பழத்தைச் சாவகாசமாகப் பறிக்கலாம். இடமாட்டேன் என்பவரோ ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று முறை ஆட்களை இறக்கி, புளிப்புள்ள பழத்தை முதலிலும் முற்றியதைப் பின்னரும் பறித்து, இரண்டையும் கலந்து சமன்படுத்த வேண்டும். அழுகிய மணிகளைக் குலை குலையாகக் கையால் கிள்ளி எறிய வேண்டும். காட்டு ஈஸ்டில் நொதிக்கும் சாறு சில வாரங்களில் முடியலாம், மாதக்கணக்கிலும் இழுக்கலாம். அதுவரை பீப்பாய் அதற்கே அடைபட்டுக் கிடக்கும். ஒரு பீப்பாய் காடியாகிவிட்டால் அது முழு நட்டம். ஆகவே நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி கூலிக்கும் நேரத்துக்கும் இழப்புக்கும் போகிறது. எஞ்சியது நாகரிகத்துக்கான விலை என்பதையும் மறுக்க மாட்டேன். எல்லாப் புட்டியும் அந்த விலைக்குத் தகுதியானதன்று.

வரையறையைக் கேட்டால், தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இந்தப் பொருளில் ‘இயற்கை ஒயின்’ என்று பொதுவான வகை எதுவும் இல்லை. எனினும் தோலோடு நொதிக்க வைத்த வெள்ளை ஒயினுக்குத் தனி வகை ஒன்றை 2015 வாக்கில் ஏற்படுத்தினார்கள். அது தோலோடு குறைந்தது 96 மணி நேரம் கிடந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு, கலங்கலாக இருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது என்று காரணம் காட்டி இத்தகைய ஒயின்களுக்கு ஏற்றுமதி அனுமதி மறுக்கப்பட்டதும் உண்டு. வெளிநாட்டில் வாங்கக் காத்திருந்தவர்கள் இருக்க, உள்ளூர்ச் சுவைக்குழு அவற்றைப் பழுது என்று ஒதுக்கியது. ஸ்வார்ட்லண்டில் சுயேச்சையான தயாரிப்பாளர்கள் சேர்ந்து, ஈஸ்டோ அமிலமோ டானினோ சேர்ப்பதில்லை என்று தங்களுக்குள் விதி வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரான்சில் 2020ஆம் ஆண்டில் ‘வான் மெத்தோட் நத்தூர்’ என்ற பெயரில் ஒரு சாசனம் வந்தது. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற திராட்சையைக் கையால் பறித்து, அதில் உள்ள ஈஸ்டிலேயே நொதிக்க வைத்து, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படாத கந்தகத்தோடு முடிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இயற்கை வேளாண்மைச் சான்று பெரும்பாலும் தோட்டத்தைப் பற்றியது. ஐரோப்பிய விதிப்படி அந்தச் சான்றுள்ள சிவப்பு ஒயினிலும் பொட்டல ஈஸ்ட் இடலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை கந்தகமும் இருக்கலாம். எனவே புட்டியில் அந்தச் சான்றின் இலைச் சின்னம் இருப்பதாலேயே கூடத்தில் ஒன்றும் சேர்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாட்ஸ்வர்த் வாசகி ஒருவர்: எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் சைவம். மற்ற மாதங்களில் என் மகன் எப்போதாவது ஒயின் அருந்துவான். நான் அதைத் தடுப்பதில்லை. ஆனால் ஒயினில் மீனும் முட்டையும் சேர்க்கிறார்கள் என்று என் சம்பந்தி சொன்னதிலிருந்து மனம் ஒப்பவில்லை. உண்மைதானா?

பதில்: உங்கள் சம்பந்தி சொன்னது உண்மைதான், அம்மா. புதிய ஒயின் கலங்கலாக இருக்கும். அதைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை, முட்டை வெள்ளைக்கரு, பாலிலிருந்து எடுத்த கேசின், விலங்கு எலும்பிலும் தோலிலும் காய்ச்சிய ஜெலட்டின் ஆகியவற்றுள் ஒன்றைக் கலக்குவது பழைய வழக்கம். சிவப்பு ஒயினின் துவர்ப்பைத் தணிக்க ஒரு பீப்பாய்க்குச் சில முட்டைகளின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து ஊற்றுவார்கள். அது துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை இறுத்துக்கொண்டு வண்டலைத் தள்ளிவிடுவார்கள். குடிப்பவரின் கோப்பையில் எஞ்சுவது அனேகமாக ஒன்றுமில்லை. ஆனால் நோன்பு இருப்பவருக்கு எஞ்சியதன் அளவு பொருட்டன்று என்பதை நான் அறிவேன். மீன் பசையைப் புட்டியின் சீட்டில் எழுத வேண்டிய கட்டாயம் ஐரோப்பாவில்கூட இல்லை.

இந்நாட்டில் வெள்ளை ஒயினைத் தெளிய வைக்கப் பெரும்பாலும் பெண்டோனைட் என்னும் களிமண்ணையே பயன்படுத்துகிறார்கள். அது சைவத்துக்குப் பாதகமில்லை. குறைந்த தலையீட்டில் செய்பவர்கள் அதையும் இடாமல், குளிர்காலம் முழுவதும் பீப்பாயை அசையாமல் வைத்திருந்து, வண்டல் தானே படிந்த பிறகு இறுத்துக்கொள்வார்கள். ஆகையால் தெளிவிப்பானும் வடிகட்டலும் இல்லாத ஒயின் உங்கள் வீட்டுக்கு ஒத்துப்போகும். ‘வீகன்’ (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று சீட்டில் அச்சிட்டிருந்தால் ஐயமே வேண்டாம்.

ஆனால் ‘பயோடைனமிக்’ என்னும் ஒருவகை இயற்கை வேளாண்மையின் பெயரை எழுதியிருந்தால் அது வேறு கதை. அம்முறையில் பசுவின் கொம்புக்குள் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து, பின்னர் எடுத்து நீரில் கலக்கித் தோட்டத்தில் தெளிப்பார்கள். வேறு சில கலவைகளை விலங்கின் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் அடைத்துப் பதப்படுத்துவார்கள். கொம்பில் அடைப்பதால் சாணத்துக்குத் தனிச் சக்தி பிறக்கிறது என்பதற்கு என்னை நம்பவைக்கும் சான்று எதையும் நான் கண்டதில்லை. மட்கிய சாணம் மண்ணுக்கு நல்லது என்பதை நம்மவர்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதுமில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர்: சிவப்பு ஒயின் குடித்தால் எனக்குத் தலைவலி வருகிறது. கந்தகம்தானே காரணம்? கந்தகமே இல்லாத ஒயின் எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது; ஏனெனில் நொதிக்கும்போது ஈஸ்டே சிறிதளவு கந்தக டை ஆக்சைடை உண்டாக்குகிறது. கந்தகம் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு உண்மையாகவே மூச்சுத்திணறலைத் தரும். அவர்கள் எச்சரிக்கையாக இருக்கத்தான் வேண்டும். தலைவலிக்கு அதைக் குற்றம் சொல்வது கடினம். ஒயினைவிடப் பன்மடங்கு கந்தகம் பளபளப்பான உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் இருக்கிறது. அதைத் தின்று தலைவலி வராதவர் ஒயினில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது ஆல்கஹாலும் உடலில் நீர் குறைவதுமாகவே இருக்கும். ஒவ்வாமை போன்ற தொல்லையைத் தூண்டும் ஹிஸ்டமின் என்னும் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கோ கந்தகம் சேர்க்காத ஒயின் சில சமயம் கூடுதல் தொல்லை தரலாம். பாக்டீரியாக்கள் தடையின்றி வேலை செய்த ஒயினில் ஹிஸ்டமின் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. தலைவலி தொடர்ந்தால் ஒயினை மாற்றுவதைவிட மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஃபீனிக்ஸ் வாசகர் ஒருவர்: எங்கள் கொல்லையில் தாத்தா வைத்த கட்டாபா திராட்சைக் கொடி இன்றும் காய்க்கிறது. தின்றது போக மீதி பறவைகளுக்குத்தான் போகிறது. அதைக் கொண்டு பொட்டல ஈஸ்ட் இல்லாமல் ஒயின் செய்ய முடியுமா? நஞ்சாகிவிடுமோ என்று என் மனைவி பயப்படுகிறார். படிப்படியாகச் சொல்லவும்.

பதில்: முடியும். உங்கள் தாத்தா வைத்த கொடி டர்பன் இருக்கும் நேட்டால் கடற்கரைக்கு ஏற்ற கொடி. கேப் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, பழம் பழுக்கும் கோடை வறண்டு கிடக்கிறது. டர்பனில் மழையும் புழுக்கமும் பழம் பழுக்கும் நாளிலேயே வந்து சேருவதால் ஐரோப்பிய வகைக் கொடிகள் பூஞ்சணத்தில் அழிந்துபோகும். கட்டாபா அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் கலப்பு, ஈரத்தைத் தாங்கும். ஆனால் அதன் மணம் தனி. கடையில் வாங்கும் ஒயினின் மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

முதலில் உங்கள் மனைவியின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். திராட்சைச் சாறு புளிக்கும்போது மெத்தனால் மிகச் சிறிய அளவில்தான் உண்டாகும். குடிக்கும் ஒயினில் அது ஆபத்தான அளவை எட்டாது. அதைக் காய்ச்சி வடிப்பதில்தான் ஆபத்து. அதை வீட்டில் செய்யவே கூடாது. ஒயின் தயாரிப்பில் உண்மையான அபாயங்கள் இரண்டு. நொதிக்கும் சாறு கரியமில வாயுவை வெளியிடும். காற்றோட்டமில்லாத சிறு அறையில் அது தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். முழுதும் நொதித்து முடியாததை இறுக மூடினால் கண்ணாடி வெடிக்கும். எனவே ஜன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள். வாயு ஓயும் முன் அடைக்காதீர்கள்.

பறிப்பதற்கு நான்கைந்து நாள் முன்பாக நல்ல குலைகளில் இரண்டு கிலோவை மட்டும் எடுத்து, கழுவாமல், கையால் நசுக்கி, துணி கட்டிய பாத்திரத்தில் நிழலில் வையுங்கள். தோலில் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட் அதில் முதலில் எழும்பும். நுரைத்து, பழ மணமும் மாவு மணமும் வந்தால், முந்தைய நாள் மாவைப் புது மாவில் கலப்பதுபோல் பெரிய பாத்திரத்தில் அதைக் கலந்துகொள்ளலாம். நகப்பூச்சு வாடை வந்தால் கொஞ்சமும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்களுடைய சாறுதான் பெரும்பாலும் காடியில் போய் முடிகிறது.

மீதிப் பழத்தை அதிகாலையில், வெயில் ஏறுமுன் பறியுங்கள். வெடித்ததும் பூஞ்சணம் பிடித்ததும் பறவை கொத்தியதுமான மணிகளை ஒன்றுவிடாமல் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மொத்த வேலையிலும் பெரிய வேலை இதுதான். கந்தகம் இடுபவர் இதில் கொஞ்சம் கண்ணயரலாம், நீங்கள் முடியாது. காம்பை நீக்கி நசுக்கிய சாற்றில் அதன் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுச் சர்க்கரையை அளந்துகொள்ளுங்கள். 20 பாலிங் (எடையில் நூற்றுக்கு 20 பங்கு சர்க்கரை) காட்டினால் ஏறத்தாழ 11 சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். 17 பாலிங்குக்குக் கீழே இருந்தால் ஒயின் நெடுநாள் நிற்காது, சில மாதங்களில் குடித்துவிட வேண்டும். சர்க்கரை சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சேர்த்தால் குற்றமில்லை, அது நீங்கள் கேட்ட ஒயினாக இராது, அவ்வளவுதான்.

உணவுக்கு ஏற்ற வாளியில் முக்கால் பங்கு வரை மட்டும் நிரப்பித் துணியால் மூடுங்கள். ஓரிரு நாளில் தோல்கள் எல்லாம் மேலே எழுந்து தடித்த ஆடைபோல் நிற்கும். அதைச் சுத்தமான கையாலோ மரக்கரண்டியாலோ காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் உள்ளே அமுக்கிவிட வேண்டும்; அமுக்காமல் விட்டால் காற்றுப் பட்ட தோலில் காடிப் பாக்டீரியா குடியேறும், பழ ஈ அதற்குத் துணை போகும். டர்பன் வெயிலில் சாறு 30 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்துவிடும். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டிகளை நன்றாகக் கழுவிச் சாற்றில் மிதக்கவிட்டால் போதும். தொடக்கத்தில் வேலை செய்யும் காட்டு ஈஸ்டுகளில் பல, ஆல்கஹால் 4, 5 சதவீதத்தை எட்டும்போதே மடிந்துவிடும். அதன்பின் சாக்கரோமைசஸ் செரிவிசியே என்ற வலுவான ஈஸ்ட் வேலையை முடித்துவைக்கும். இந்தக் கைமாற்றம் நடக்கும் நாளில் நுரை சற்று ஓய்ந்ததுபோல் தோன்றுவதுண்டு. பதறிப்போய்ப் பொட்டலத்தைத் தேடாதீர்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் ஹைட்ரோமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும் சக்கையைத் துணியில் கட்டிப் பிழிந்து, ஒயினைக் கண்ணாடிச் சாடியில் கழுத்து வரை நிரப்புங்கள். வாயு வெளியேறும்படியும் காற்று உள்ளே வராதபடியும் நீர் ஊற்றிய வளைகுழாய் மூடியைப் பொருத்த வேண்டும். சாடியில் நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டாலும் மேலே வெள்ளைப் படலம் கட்டும். சிறிய சாடிக்கு மாற்றினாலும் மாற்றுங்கள், குறையாக வைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து வண்டலை விட்டு இறுத்து, மீண்டும் கழுத்து வரை நிரப்பி, குளிர்காலம் கழிந்ததும் புட்டியில் அடையுங்கள்.

அடைக்கும்போது கந்தகம் இடுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். 10 லிட்டருக்கு அரை கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் ஆகிறது. பிரெஞ்சுச் சாசனமே அனுமதிக்கும் அளவு அது. டர்பன் புழுக்கத்தில் ஒயினை வைத்திருக்கப் போகிறவர் இதை இடுவதை நான் குறையாகவே கருத மாட்டேன். ஆனால் பாத்திரங்களைக் கழுவக் குளோரின் கலந்த பிளீச்சைப் பயன்படுத்தவே கூடாது. குளோரின் மரத்தோடும் தக்கையோடும் சேர்ந்து, நனைந்த அட்டைப்பெட்டி வாடையை ஒயினில் ஏற்றிவிடும். கொதிநீரும் தேய்க்கும் பிரஷும் போதும். செய்ததை வீட்டாரோடு குடியுங்கள்; விற்பதற்கு உரிமம் வேண்டும்.

டோங்காட் வாசகர் ஒருவர்: கரும்புக் காட்டுக்கு வந்த நம் முன்னோர்களின் குடும்பங்கள் குடியால் அழிந்ததைக் கண்ணால் கண்டவன் நான். தமிழ்ப் பத்திரிகையில் ஒயினைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா?

பதில்: ஐயா, குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லி இப்பகுதியில் ஒரு வரியும் எழுத மாட்டேன். ஆனால் இந்நாட்டு ஒயினில் நம் கடற்கரையின் உழைப்பும் கலந்திருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. கேப் பகுதியில் முதல் ஒயின் பிழியப்பட்டது 1659 பிப்ரவரி 2ஆம் தேதி. அந்நூற்றாண்டிலிருந்தே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்கள் அங்கே வேலை செய்தார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி, ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களை ஏற்றிய ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வருவதற்கு முன்பே, இரு நூற்றாண்டுக்கால வரலாறு அது.

நீங்கள் கண்ட அழிவு திராட்சைத் தோட்டத்தில் இன்னும் கொடிய வடிவில் நடந்தது. கூலியின் ஒரு பகுதியைத் தினமும் மலிவான ஒயினாகவே அளந்து கொடுக்கும் ‘டாப்’ முறை சட்டத்தால் தடுக்கப்பட்ட பின்னும் நெடுநாள் நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் மேற்குக் கேப் பகுதிகளில் உலகிலேயே மிக உயர்ந்த நிலையில் இருப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். சூழலைக் காப்பதாகச் சொல்லும் பண்ணை தன் தொழிலாளரின் குடியிருப்பையும் கூலியையும் பற்றி வாய் திறக்கவில்லை என்றால், நான் அந்தப் புட்டியை வாங்குவதில்லை.

கேப் டவுன், ரைலண்ட்ஸ் பகுதியிலிருந்து ஒரு மாணவி: கூடத்தில் குறைவாகத் தலையிட்டால் அது சூழலுக்கும் நல்லது என்று பேசுகிறார்கள். அது தானாக நடந்துவிடுமா?

பதில்: நடக்காது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. கூடத்தில் ஒன்றும் சேர்க்காதவர் தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கலாம். தோட்டத்தைப் பொன்போல் காப்பவர் ஒயினை ஒரு கிலோவை நெருங்கும் புட்டியில் அடைத்துக் கப்பலேற்றலாம்.

முதலில் தண்ணீர். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உங்கள் நகரில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பஞ்சத்தில் பாசன ஒதுக்கீடும் கடுமையாகக் குறைந்தது. சொட்டு நீரை நம்பி வளர்ந்த கொடிகள் தவித்தபோது, ஸ்வார்ட்லண்டில் கம்பிப் பந்தலின்றிக் குத்துச்செடியாக நிற்கும் பழைய ஷெனின் பிளாங்க், சின்சோ கொடிகள் பாசனமில்லாமலே தாக்குப்பிடித்தன. அவற்றின் வேர் மால்ம்ஸ்பரி களிப்பாறையின் வெடிப்புகளிலும் பார்டபெர்க் மலையின் சிதைந்த கருங்கல் மண்ணிலும் ஆழமாக இறங்கியிருக்கிறது. விளைச்சல் சொற்பம், அதனாலேயே பல உழவர்கள் அவற்றைப் பிடுங்கிவிட்டுக் கோதுமை விதைத்தார்கள். 35 ஆண்டு கடந்த கொடிகளுக்குச் சான்று வழங்கி, நட்ட ஆண்டைப் புட்டியின் முத்திரையில் அச்சிடும் ‘ஓல்ட் வைன் ப்ராஜெக்ட்’ அந்தப் பிடுங்கலை ஓரளவு நிறுத்தியது. அந்த முத்திரை 2018இல் வந்தது. என்னைக் கேட்டால், கூடத்தில் ஈஸ்ட் இட்டார்களா என்று விசாரிப்பதைவிட, கொடிக்கு ஆற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரிப்பது இந்நாட்டில் முக்கியமானது.

கூடத்திலும் தண்ணீர் செலவாகிறது. தொட்டியும் தரையும் குழாயும் கழுவுவதற்கே ஒரு லிட்டர் ஒயினுக்குப் பல லிட்டர் நீர் வேண்டும். கந்தகத்தைக் குறைத்தவருக்குச் சுத்தம் ஒன்றே காப்பு என்பதால் அவர் மற்றவரைவிட அதிகமாகவே கழுவுவார். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கழுவிய நீர் சர்க்கரையும் வண்டலும் கலந்து புளித்திருக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால் நீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். பொறுப்புள்ளவர்கள் வண்டலையும் சக்கையையும் முதலிலேயே பிரித்து மட்க வைத்து, நீரை நாணல் வளர்த்த குட்டைகளில் தேக்கிச் சுத்தப்படுத்தி, மீண்டும் புல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

அடுத்தது நிலம். ஏறத்தாழ 9,000 வகைச் செடிகொடிகள் கொண்ட கேப் தாவரப் பரப்பின் பகுதிகளை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அதைச் சேர்ந்த ரெனோஸ்டர்ஃபெல்ட் புதர்க்காடு, ஸ்வார்ட்லண்டின் வளமான தாழ்நிலத்தில் இருந்த காரணத்தாலேயே உழுது அழிக்கப்பட்டு, இன்று துண்டுதுண்டாகவே மிஞ்சியிருக்கிறது. புதிதாக ஒரு துண்டை உழுது ‘இயற்கை ஒயின்’ தோட்டம் போடுபவரைவிட, பழைய தோட்டத்தில் சாதாரண ஒயின் செய்பவர் எனக்கு மேலானவர். நோய்த் தடுப்பிலும் எளிய விடை இல்லை. இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்ட செம்பு மண்ணில் தங்கிவிடும். ஐரோப்பாவில் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். கேப் பகுதியின் வறண்ட கோடை செம்பின் தேவையைக் குறைக்கிறது. ஆனால் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூளை அடிக்கடி தூவ டிராக்டர் பலமுறை ஓடித்தான் ஆக வேண்டும். ஸ்டெல்லன்போஷ் அருகே ஒரு பண்ணையில் நத்தைகளைத் தின்ன ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்ட வாத்துகளை வளர்க்கிறார்கள். காலையில் அவை வரிசையாகக் கொடிகளுக்கிடையே போவதைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் கூடுகிறார்கள். நத்தைக்கு வைக்கும் மருந்துச் செலவும் மிச்சம்.

இறுதியாகக் கண்ணாடி. உலையில் 1,500 டிகிரி அளவில் உருக்கி வார்க்கும் புட்டி 400 கிராமிலும் இருக்கிறது, 900 கிராமிலும் இருக்கிறது. உள்ளே இருக்கும் 750 மில்லிலிட்டரில் ஒரு மாற்றமும் இல்லை. ஒயின் விட்டுச்செல்லும் கரித்தடத்தில், அதாவது அதனால் வெளியாகும் கரியமில வாயுவில், பெரும்பங்கு புட்டி போன்ற பொதிக்கே உரியது. உடனே குடிக்கும் ஒயினைப் பெட்டிப் பையில் விற்பதே சிக்கனம். ஆனால் இங்கே 2007 வாக்கில் தடை செய்யப்பட்ட ‘பாப்சாக்’ என்னும் மலிவு வெள்ளிப் பையின் கெட்ட பெயர் பெட்டி ஒயினையும் இன்னும் விட்டபாடில்லை. 1998இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஒயின் உற்பத்தித் திட்டத்தின் சூழல் காப்பு விதிகளைக் கடைப்பிடித்ததற்கு அடையாளமாக, 2010 அறுவடையிலிருந்து புட்டிக் கழுத்தில் ஒரு முத்திரை ஒட்டப்படுகிறது. அது உயர்ந்த அளவுகோல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் சரிபார்க்காத வாய்ச்சொல்லுக்கு அது மேல்.

லெனேசியா வாசகர் ஒருவர்: நல்ல விலை கொடுத்து வாங்கிய இயற்கை ஒயின் வாயில் வைத்தபோது நன்றாக இருந்தது, விழுங்கிய பின் எலிக்கூண்டு நாற்றம் வந்தது. ‘இயற்கை ஒயின் அப்படித்தான்’ என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அப்படித்தானா?

பதில்: அப்படியில்லை. அது பழுது, அதற்கு ‘எலி வாடை’ என்றே பெயர். கந்தகமும் குறைந்து புளிப்பும் குறைந்த ஒயினில் சில பாக்டீரியாக்களும் பிரெட்டனோமைசஸ் ஈஸ்டும் இதை உண்டாக்குகின்றன. ஒயினின் புளிப்பில் இந்த வாடை எழும்பாது. எச்சில் கலந்து புளிப்புத் தணிந்த பிறகே மூக்குக்கு எட்டும். அதனால்தான் விழுங்கிய பின் தெரிந்தது. அடுத்த முறை ஐயம் வந்தால் ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தோலிலும் அது வெளிப்படும். கலங்கல், அடியில் வண்டல், திறந்ததும் சிறிது குமிழி, ஆப்பிள் வெட்டிவைத்தது போன்ற மணம் ஆகியவற்றை நான் பழுதாக எண்ணுவதில்லை. நகப்பூச்சும் எலியும் பழுதுதாம். சிலர் அவற்றையும் ‘மண்ணின் குணம்’ என்று விற்பது துணிச்சல். அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

டர்பன், ரெசர்வாயர் ஹில்ஸ் வாசகி ஒருவர்: குறைந்த கந்தக ஒயினை எங்கள் ஊர் வெப்பத்தில் எப்படி வைப்பது? திறந்தால் எத்தனை நாள் இருக்கும்?

பதில்: அடுப்புக்கு மேலுள்ள அலமாரியிலும் காரின் பின்பெட்டியிலும் வைக்காதீர்கள், 25 டிகிரியைத் தாண்டினால் அடங்கிக் கிடக்கும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும். தனி ஒயின் பெட்டி இல்லாதவர்கள் சிவப்பானாலும் வெள்ளையானாலும் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைக்கலாம். சிவப்பைக் குடிப்பதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்தால் போதும். திறந்ததைச் சிறிய புட்டிக்கு விளிம்பு வரை மாற்றி மூடிக் குளிரில் வைத்தால் மூன்று நாள் வரை நிற்கும். தோலோடு நொதித்த வெள்ளை அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அதற்கும் மேல் போனதை அகன்ற வாய்ச் சாடியில் ஊற்றித் துணி கட்டி விட்டுவிடுங்கள். சில வாரங்களில் ஊறுகாய்க்கு நல்ல காடி கிடைக்கும்.